தூக்குவது பெண்கள், சுமப்பது ஆண்கள்

கொட்டாஞ்சேனை,
23-2-1942

அருந்ததிக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்றைய ஏ.ஆர்.பி. விமானத் தாக்குதல் ஒத்திகைக்கு என் கணவரின் தங்கை பலீலாவை உன்னை நம்பித்தான் அனுப்பினேன். குண்டு விழுந்து காயப்பட்டவள் போல எங்கள் வீட்டு முன் ஒழுங்கையில் படுத்திருக்க வேண்டும், கழுத்தில் 'கால் முறிவு' என்று ஓர் அட்டை தொங்கும், பெண்கள் வந்து ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போவார்கள் என்று எழுதியிருந்தாய். 'பெண்கள்' என்ற சொல்லுக்குக் கீழே கோடும் போட்டிருந்தாய்.

வந்தவர்கள் நான்கு ஆண்கள். பலீலா கண்ணைத் திறந்து பார்த்திருக்கிறாள். காக்கிக் காற்சட்டைக்காரர் இருவர் அவள் மேல் குனிகிறார்கள். எழுந்து ஓடிவிட்டாள். "கால் முறிஞ்ச புள்ள ஓடுதுடோ!" என்று யாரோ கத்தியதும் ஒழுங்கை முழுக்கச் சிரித்ததும் எங்கள் அடுப்படி வரை கேட்டது. அந்த அட்டையோடேயே என் முன்னால் வந்து நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

தெஹிவளையிலிருந்து அவளைப் பெண் பார்க்க வர இருந்தவர்கள் இன்று காலையே ஆள் அனுப்பி, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். என் கணவர் ஸமீம் என்னிடம் சொன்னது இது: "ஒன்ட கூட்டாளி இனி இந்த வாசப்படிய மிதிக்கப்படாது. கடிதம் வேணுமெண்டா எழுதிக்கோ."

எழுதிவிட்டேன்.

ஜவாஹிறா

*

வெள்ளவத்தை,
25-2-1942

அன்புள்ள ஜவாஹிறா,

பலீலாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். என் வாக்கை நம்பி வந்து தெருவில் சிரிப்புக்கு ஆளானவள் அவள். உன்னிடம் கேட்கமாட்டேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆறு பெண்கள் வருவதாக இருந்தது. சிங்கப்பூர் விழுந்த செய்தி வந்ததிலிருந்து வெள்ளவத்தையில் வீட்டுக்கு வீடு பெட்டி கட்டுகிறார்கள். என் ஆறு பேரில் நால்வர் சனிக்கிழமை யாழ்ப்பாண ரயிலில் ஏறிவிட்டார்கள். மிஞ்சிய இருவரையும் வைத்துத் தூக்கலாம் என்றுதான் நின்றேன். கொட்டாஞ்சேனை முதலுதவி நிலையத்தை நடத்தும் அப்போதிக்கரி கனகசபாபதி விடவில்லை. "பிள்ளை, ரெண்டு பேர் தூக்கினால் காயக்காரியையும் போட்டுடைப்பீர், உம்மடை முதுகையும் உடைப்பீர். ஆம்பிளையள் தூக்கட்டும்" என்றார். அவர் சொன்னது சரி.

அந்த நான்கு பேரையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். பகலில் துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர்கள். வேலை முடிந்து வந்து கட்டுப்போடப் பழகுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய், கண்ணாடியில் எப்படித் தாள் ஒட்டுவது, மணல் வாளியை எங்கே வைப்பது என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒருவரும் பலீலாவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "அந்தத் தங்கச்சிக்கு ஓடேக்க கல்லுக் குத்தேல்லையே?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார்.

இனி நான் ஏன் கேட்கவில்லை என்பது. உனக்கு ஏப்ரல் கடைசியில் பிரசவ நாள். இரண்டு வருடத்துக்கு முன் என்ன நடந்தது என்பது உனக்கும் எனக்கும் தெரியும். உன் ஒழுங்கைக்குள் கார் வராது. ஆண்கள் உன்னைத் தொடக்கூடாது. பெண்களுக்குத் தூக்கத் தெரியாது. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு நீ எப்படி ஆஸ்பத்திரிக்குப் போவாய்? நான் இந்தப் பயிற்சியில் சேர்ந்தது குண்டுக்காக என்றா நினைத்தாய்?

அருந்ததி

*

கொட்டாஞ்சேனை,
3-3-1942

அருந்ததி,

அதை நீ எழுதியிருக்கக்கூடாது. உன் கடிதத்தைச் சில நாள் தலையணைக்குள் வைத்திருந்தேன், பதில் எழுதுவதில்லை என்ற முடிவோடு.

நீ எழுதாததை நான் எழுதுகிறேன். ரத்தம் போய்க்கொண்டிருந்தது. கார் ஒழுங்கை முனையில் நின்றது. மாமியாரும் பலீலாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். நான் நடந்தேன். பாதி வழியில் உட்கார்ந்தேன், திரும்பவும் எழுந்து நடந்தேன். ஆஸ்பத்திரியில் என்னைக் காப்பாற்றினார்கள். பிள்ளையை முடியவில்லை. இந்த முறை லேடி டாக்டர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார்: ஒரு துளி ரத்தம் கண்டாலும் வரவேண்டும், ஓர் அடிகூட நடக்கக்கூடாது.

என் கணவரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, உனக்கும் தெரியும். பயத்தைக் கோபமாக்கிக் காட்டுகிற மனிதர். "அந்த நேரம் அல்லாஹ் ஒரு வழி காட்டுவான்" என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு புறக்கோட்டைக் கடைக்குப் போய்விட்டார்.

உன் கடிதத்தைப் பலீலாவுக்கு வாசித்துக் காட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் ஒன்று கேட்டாள்:

"மதினி, தூக்குறதும் சுமக்குறதும் ஒண்டா?"

எனக்கு விளங்கவில்லை.

"தூக்கேக்கதானே கை படுது. ஸ்ட்ரெச்சர்ல ஏத்தின பொறகு அவங்க புடிக்கிறது கட்டையத்தானே? பொம்புளையள் ஏத்தி, மூடி வெச்சா, ஆம்புளையள் சுமந்தா என்ன?"

இதை ஏன் நீங்கள் யாரும் யோசிக்கவில்லை? அவள் ஒரு தரம் அந்த அட்டையோடு படுத்திருந்தவள். அதனால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. உனக்குச் சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன்.

ஜவாஹிறா

*

வெள்ளவத்தை,
6-3-1942

அன்புள்ள ஜவாஹிறா, அன்புள்ள பலீலா,

உங்கள் கடிதம் கிடைத்ததும் ரயிலேறிக் கோட்டையில் இறங்கிக் கொட்டாஞ்சேனை நிலையத்துக்குப் போனேன். கனகசபாபதி பாண்டேஜ் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும் சுருட்டுவதை நிறுத்தி, "ஆர் இதை யோசிச்சது?" என்றார். "ஓடின பிள்ளை" என்றேன். "அப்ப அவவுக்குக் காலும் வேலை செய்யுது, தலையும் வேலை செய்யுது" என்றார்.

எனக்கு உங்கள் வீட்டுக்குள் வர அனுமதியில்லை. ஆகவே கடிதத்தில் பழக்குகிறேன். நான் ஆங்கிலப் புத்தகத்திலிருந்து தமிழாக்கிய பாடத் தாள்கள் இதனுடன் வருகின்றன. முக்கியமானது இது: நால்வர் வேண்டும். மூவர் ஒரே பக்கத்தில் முழந்தாளிட்டு, கைகளைத் தோளுக்கும் இடுப்புக்கும் காலுக்கும் கீழே விடுங்கள். ஒருத்தி எண்ணட்டும். எண்ணுகிறவள் சொல்லாமல் ஒருவரும் அசையக்கூடாது. எல்லாரும் ஒன்றாகத் தூக்கி முழங்காலில் ஏந்துங்கள். நான்காமவள் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளுவாள். முதுகால் தூக்காதீர்கள், தொடையால் தூக்குங்கள்.

ஜவாஹிறா, நீ எதையும் தூக்கக்கூடாது. நீ எண்ணு. பள்ளிக்கூடத்திலும் எல்லாரையும் அதட்டியது நீதான்.

அருந்ததி

*

கொட்டாஞ்சேனை,
23-3-1942

அன்புள்ள அருந்ததி,

இங்கே நடப்பதை எழுதினால் நான் கதை கட்டுகிறேன் என்பாய்.

உன் பாடத்தைத் தானும் வாசிக்க வேண்டுமென்று மாமி கேட்டார். அவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, அறபுத்தமிழ்தான் தெரியும். ஆகவே எல்லாத் தாள்களையும் அறபெழுத்தில் பிரதி செய்து கொடுத்தேன். மாமிக்கு எதையும் ராகமில்லாமல் வாசிக்க வராது. இப்போது காலையில் "ரத்தம் வரும் இடத்தைத் துணியால் அழுத்தி, உறுப்பை உயர்த்தி வைப்பீர்" என்று நபிகள் புகழான பைத் ஓதுகிற ராகத்தில் ஓதுகிறார். பக்கத்து வீட்டுப் பெண்கள் மதிலோடு நின்று கேட்கிறார்கள். பலருக்கு மனப்பாடமாகிவிட்டது.

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் பெண்கள் கூடி ஓதும் மௌலூது. ஓதி, சோறு உண்டு, வெற்றிலை போட்டு முடிந்த பிறகு ஒருவரும் எழுந்து போகவில்லை. பலீலா நடு அறையில் பாய் விரித்தாள். எதிர் வீட்டுப் பிலோமினா அக்காவும் வந்திருந்தார், நல்ல பலசாலி. காயக்காரியாகப் படுக்க ஒருவரும் முன்வரவில்லை, மாமி படுத்தார். ஒழுங்கையிலேயே கனமானவர் அவர்தான். நான் எண்ணினேன். தூக்கினார்கள். மாமி கண்ணை மூடியபடியே, "எறக்கிட்டு இன்னொருக்கா தூக்குங்க, சொகமா ஈக்குது" என்றார்.

பலீலா ஸ்ட்ரெச்சருக்கு ஒரு கூண்டும் செய்திருக்கிறாள். மாட்டு வண்டிக் கூண்டு போலப் பிரம்பை வளைத்து, இருட்டடிப்புக்கு வாங்கிய கறுப்புத் துணியால் மூடியிருக்கிறாள்.

அவர் கடையிலிருந்து வந்து அதைப் பார்த்தார். "இதென்ன, கோழிக் கூடா?" என்றார். பலீலா சொன்னாள். சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "வீட்டுக்குள்ள என்னவும் வெளாடுங்க. ரோட்டுக்கு இது போகாது. ஒருக்காச் சிரிச்சது போதும்" என்றார்.

எல்லாம் இருக்கிறது அருந்ததி. வாசற்படி மட்டும்தான் மிச்சம். எனக்கு நாளும் நெருங்குகிறது.

ஜவாஹிறா

*

வெள்ளவத்தை,
28-3-1942

அன்புள்ள ஜவாஹிறா,

பிலோமினா அக்கா கூண்டைத் தலையில் வைத்து நிலையத்துக்குக் கொண்டுவந்தபோது நானும் அங்கே இருந்தேன். தெருவில் இரண்டு பேர் விலை கேட்டார்களாம்.

கனகசபாபதி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு தலையாட்டினார். "வடிவாத்தான் இருக்கு. ஆனால் ஸ்ட்ரெச்சரிலை பின்னுக்குப் பிடிக்கிறவன் காயக்காரியின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டே வருவான். முகம் வெளுத்தால் அவன்தான் சொல்லுவான். இப்பிடி மூடினால் உள்ளுக்கு ஆள் செத்தாலும் எங்களுக்குத் தெரியாது."

சுமப்பவர்களில் ஒருவர்தான், "ஒரு பொம்பிளை பக்கத்திலை நடந்து வரட்டுமே ஐயா" என்றார். அப்படியே முடிவானது. தலைமாட்டில் துணியை ஒரு கை நுழையும் அளவுக்கு வெட்டுங்கள். நடந்து வருபவள் நாடியைப் பிடித்தபடியே வந்து, உள்ளே பார்த்து, சுமப்பவர்களுக்கு உரக்கச் சொல்ல வேண்டும். அது பலீலாதான் என்று நான் சொல்லிவிட்டேன். அவள் மறுத்தால் எனக்கு எழுது.

ஸ்ட்ரெச்சரும் ஒரு விசிலும் நாளை உங்கள் வீட்டுக்கு வரும். விசிலை ஊதினால் தூக்கும் பெண்களும் சுமப்பவர்களும் ஓடிவருவார்கள். கனகசபாபதியே கொண்டுவருகிறார். வாசலில் நின்று ஸமீம் அவர்களிடம், "இடமில்லை, உங்கடை விறாந்தையிலை கிடக்கட்டும்" என்று மட்டும் சொல்வாராம். இடமில்லாமல் இல்லை.

அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து மூன்றாவது தரமும் வரச்சொல்லி எழுதியிருக்கிறார். உன் காரியம் முடியாமல் நான் அசைய மாட்டேன். வாசற்படியை நீ பார்த்துக்கொள்.

அருந்ததி

*

கொட்டாஞ்சேனை,
7-4-1942

அன்புள்ள அருந்ததி,

நாங்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். முதலில் அதை எழுதிவிட்டேன். நீயும் அப்படித்தான் என்று நிலையத்துக்காரர் சொன்னதால் மூச்சு விடுகிறேன்.

ஞாயிறு காலை விமானச் சத்தம் கேட்டதும் நம்முடையவை என்றுதான் நினைத்தோம். அவர் பார்க்க வேண்டுமென்று ஏணி வைத்துக் கூரையில் ஏறினார். "நானா, எறங்குங்க!" என்று பலீலா அண்ணனைப் பார்த்துக் கத்தினாள். "சும்மா இரு புள்ள, எத்தின எண்டு எண்ணுறன்" என்றார். துறைமுகப் பக்கம் பீரங்கி வெடித்தது. அவர் கால் கண்ணாடி ஓட்டுக்குள் போய், சறுக்கி முற்றத்தில் விழுந்தார். கெண்டைக்கால் பிளந்திருந்தது. அவ்வளவு ரத்தத்தை நான் என்னுடையதைத் தவிர வேறு பார்த்ததில்லை.

ஆண்கள் ஒருவரும் இல்லை; ஒழுங்கை முனைப் பதுங்கு குழிக்கு ஓடிவிட்டார்கள். பலீலா அவர் காலைத் தன் மடியில் உயர்த்தி, மடித்த துணியை வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள்.

"மெதுவா புள்ள!"

"வாய மூடுங்க நானா. காயக்காரன் கதைக்கப்படாது."

மாமி வாசலில் நின்று விசிலை ஊதினார். பிலோமினா அக்கா முதல் பூசை முடிந்து பட்டுச் சேலையோடு ஓடிவந்தார். பின்னால் மௌலூதுக்கு வந்த பெண்கள் இருவர். விழுந்து கிடந்தவர் அந்த நிலையிலும், "நீங்க தொட வேணாம், நான் எழும்புறன்" என்று கையூன்றினார். அக்கா, "தம்பி, பட்டுச் சேலையிலை ரத்தம் படுகுதெண்டு நானே கத்தேல்லை, நீர் ஏன் கத்துறீர்? படும்" என்றார். படுத்தார். நான் எண்ணினேன். என் குரல் நடுங்கவில்லை, அருந்ததி.

பலீலா துணியை இறுக்கிக் கட்டிவிட்டிருந்தாள்; ஏற்றினோம். பதற்றத்தில் பழகின பழக்கம், கூண்டையும் போட்டு மூடிவிட்டோம். விசில் கேட்டு வந்த சுமப்பவர்கள் நால்வரும் மூடிய கூண்டைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டையைப் பிடித்தார்கள். முன்னால் பிடித்த சிங்கள மனிதர், "நோனா கெனெக்! அயின் வென்ன!" என்று வழி கேட்டுக்கொண்டே போனார். பெண் ஒருத்தி வருகிறாள், விலகுங்கள் என்று. குழியிலிருந்து வெளியே வந்திருந்த ஆண்கள் எல்லாரும் மரியாதையாக மதில் பக்கம் திரும்பி நின்றார்கள். உள்ளேயிருந்து, "நான் நோனா இல்ல!" என்று சத்தம் வந்ததாம். பலீலா கையை உள்ளே விட்டபடி, "நாடி ஓடுது, கதைக்கிறாங்க, நல்லம்" என்று சுமப்பவர்களுக்குச் சொல்லிக்கொண்டே தெரு முழுக்க நடந்திருக்கிறாள்.

நிலையத்தில் கனகசபாபதி துணியை விலக்கிப் பார்த்து, "ஓகோ, தாடி வைச்ச நோனா" என்றாராம். ஆனால் காலில் அவள் போட்ட கட்டைப் பார்த்ததும் பகிடியை விட்டுவிட்டு, இந்த அழுத்தம் இல்லாவிட்டால் ஆள் வழியிலேயே போயிருப்பார் என்று பலீலாவிடம் சொன்னார்.

நேற்று அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே கூரையைப் பார்த்தபடி, "வெக்கம் வந்திச்சி. ஆனா ரத்தம் நிண்ட பொறகுதான் வந்திச்சி" என்றார். பிறகு, "ஒன்ட கூட்டாளிக்கு எழுது. வாசல் தொறந்துதான் ஈக்குது. அந்தக் கோழிக் கூடு ரோட்டுக்குப் போகட்டும்" என்றார்.

ஜவாஹிறா

*

யாழ்ப்பாணம்,
22-4-1942

அன்புள்ள ஜவாஹிறா,

உன் வாசல் திறந்த பிறகு ஒரு தரம்தான் வர முடிந்தது. மாமி என்னைப் பாயில் படுக்க வைத்துத் தூக்கிக் காட்டச் சொன்னதை இங்கே சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறேன். ஸமீம் அவர்கள் அறைக்குள்ளிருந்து, "தொடையால தூக்குங்க" என்று கட்டளையிட்டதையும்தான்.

அடுத்த நாளே அப்பாவுக்கு மாரடைப்பு என்று தந்தி. வந்து பார்த்தால் அவருக்குப் பயம்தான், நோயில்லை. திரும்புவதற்கு ரயிலில் இடம் கிடைக்கவில்லை. வருகிற பெட்டிகள் நிரம்பியிருக்கின்றன, போகிறவற்றைப் படையாட்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அப்பாவிடம் சொல்லிவிட்டேன், இடம் கிடைத்த அன்று புறப்படுவேன் என்று. "கொழும்பிலை அப்பிடி என்ன இருக்கு உனக்கு?" என்கிறார். பதில் நீளமானது, பாதியோடு நிறுத்திக்கொண்டேன்.

உன் நாளுக்கு நான் பக்கத்தில் நிற்பேன் என்று எழுதியிருந்தேன். முடியாது போலிருக்கிறது. இந்த முறை வாக்குக் கொடுக்கவும் மாட்டேன், கோடும் போட மாட்டேன். பலீலா இருக்கிறாள். கூண்டைக் காற்றாட வை. துணி புழுங்கினால் மூச்சு முட்டும். தனியாக எங்கும் நடக்காதே. எழுது.

அருந்ததி

*

கொட்டாஞ்சேனை,
8-5-1942

அன்புள்ள அருந்ததி,

மகள். கறுப்பி. தலை நிறைய முடி. நான் நன்றாக இருக்கிறேன். நேற்றுத்தான் எழுந்து உட்கார விட்டார்கள்.

நடந்ததைக் கேள். போன மாதக் கடைசி ஞாயிறு, மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது ரத்தம் கண்டேன். வாய் திறப்பதற்குள் பலீலா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாயை விரித்தாள். மாமி விசிலை எடுத்தார். பிலோமினா அக்கா அடுப்பை அணைக்காமலே வந்திருக்கிறார். அவர் வீட்டுக் குழம்பு கருகியது. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எண்ணுகிறவள் நானாகவே இருந்ததால் யார் எண்ணுவது என்று ஒரு கணம் நின்றார்கள். மாமி எண்ணினார், அவருடைய ராகத்தில். சிரித்தபடியே தூக்கப்பட்டேன்.

கூண்டுக்குள் இருட்டு. பிரம்பின் வாசனை. பலீலாவின் கை மட்டும் என் மணிக்கட்டில். வெளியே நால்வரின் காலடி ஒரே சீராகக் கேட்டது. ஒரு குலுக்கல் இல்லை. அவர் ஊன்றுகோலோடு முன்னால் நொண்டிக்கொண்டே போய், எதிரே வந்த பழ வண்டிக்காரனை, "திருப்பு, திருப்பு, என்ட பொஞ்சாதி வாறா" என்று விரட்டியது கேட்டது. என்னை வெளியில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கார் காத்திருந்தது. ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர், நேரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த ஒரு வசனத்துக்காக நான் இரண்டு வருடம் காத்திருந்தேன்.

நீ இல்லையே என்று வருந்தி எழுதியிருந்தாய். நீ இல்லாமலே இவ்வளவும் நடந்தது. நீ செய்த வேலையைப் பற்றி இதைவிட மேலாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சுமந்த நால்வருக்கும் அவர் பிரியாணி கொடுத்தனுப்பினார். வாங்கிக்கொண்டு, பிள்ளைக்கு என்ன பெயர் என்று மட்டும் கேட்டார்களாம்.

தெஹிவளைக்காரர் திரும்பவும் ஆள் அனுப்பியிருக்கிறார்கள். பலீலா, "வரட்டும். மொதல்ல மாப்பிளய பாயில படுக்கச் செல்லுங்க, தூக்க ஏலுமா எண்டு பாப்போம்" என்கிறாள். மாமி காதைப் பொத்துகிறார், ஆனால் சிரிக்கிறார்.

ஜம்பட்டா வீதிப் பெண்கள் தங்களுக்கும் பழக்கச் சொல்லிக் கேட்டு அனுப்பினார்கள். இன்று காலை பலீலாவும் பிலோமினா அக்காவும் கூண்டோடு போயிருக்கிறார்கள். மாமி பாடத் தாள்களோடு பின்னால் ரிக்‌ஷாவில். வீட்டில் நானும் மகளும்தான். நீ வரும்போது வாசல் பூட்டியிருந்தால், எல்லாரும் அங்கே இருப்பார்கள் என்று தெரிந்துகொள்.

இதோ விழித்துவிட்டாள். தொண்டை என்னுடையது, மாமி எங்கே இருந்தாலும் கேட்கும். பேனாவை வைக்கிறேன். இவளை நான்தான் தூக்க வேண்டும்.

ஜவாஹிறா